அவர் இதயம் தாங்க வேண்டும் என்று மட்டும் கேட்டேன்

முருகனை நம்பி வாழும் சொந்தங்களே, போன ஆடி மாதம் என் வீட்டுக்காரர் பிழைக்க மாட்டார் என்று சொல்லிவிட்டார்கள்.

உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். அவர் குடித்ததே இல்லை. மஞ்சள்காமாலைக் கிருமி உள்ளேயே இருந்து ஈரலைச் சுருக்கிவிட்டது. வயிறு வீங்கியது. பெற்ற மகளையே "நீ யாரு?" என்று கேட்டார்.

மாற்று ஈரல் வைத்தால்தான் உயிர் தங்கும் என்றார்கள் மதுரையில். எங்கள் யாருடைய ஈரலும் பொருந்தவில்லை. இறந்த ஒருவருடையது கிடைக்க வேண்டும். அதை முருகனிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அது இன்னொரு வீட்டுச் சாவு அல்லவா?

ஆவணியில் கிடைத்தது. ஆனால் ஆபரேஷன் செய்யவிருந்த டாக்டரம்மா முகத்தில் தெளிவில்லை.

"வழக்கமா பழைய ஈரலை எடுக்கையில, அதுக்குப் பின்னாடி போற பெரிய ரத்தக்குழாயை அடைப்போம்மா. கீழ இருந்து இதயத்துக்கு ரத்தம் வராது. அவர் இதயம் பலவீனமா இருக்கு. தாங்காது."

"அப்ப என்ன செய்வீக?"

"குழாயை அடைக்காம, அதுமேல இருந்து ஈரலை மட்டும் உரிச்செடுக்கப் பார்க்குறோம். குடல்ல இருந்து வர்ற ரத்தத்துக்குத் தற்காலிகமா ஒரு மாத்துவழி வைப்போம். ஈரல் குழாயோட ஒட்டிக்கிட்டு இருந்தா ரொம்பக் கஷ்டம்."

காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். மத்தியானம் ஒரு நர்ஸ் வந்து, ஈரல் குழாயோடு ஒட்டியிருக்கிறது, ரத்த அழுத்தம் இறங்குகிறது என்றார். என் கொழுந்தன் சுவரைப் பார்த்தபடி கேட்டார்.

"மதினி, ஊருக்குச் சொல்லிருவமா?"

எனக்கும் நம்பிக்கை போய்விட்டது. கந்தர் துதி ஒன்றும் நினைவில்லை. தரையில் உட்கார்ந்து, "அப்பா, அந்த இதயம் தாங்கட்டும்" என்றேன். திரும்பத் திரும்ப அதையே சொன்னேன்.

பொழுது சாயும் நேரம் டாக்டரம்மா வெளியே வந்தார்.

"குழாயை முழுசா அடைக்கலைம்மா. ஓரமா மட்டும் கவ்விப் பிடிச்சுக் கொஞ்சங்கொஞ்சமா உரிச்சோம். புது ஈரலுக்கு ரத்தத்தைத் திறந்தப்ப இதயம் அப்படியே துவண்டுச்சு. மருந்து குடுத்தோம். எழும்பிருச்சு."

நான் டாக்டரம்மா கையைப் பிடித்து அழுதேன். அந்தக் கைகளை நடத்தியவன் முருகன்.

இன்றைக்கு என் வீட்டுக்காரர் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு, மெதுவாகத் தோட்டம் வரை நடக்கிறார். கிருத்திகைதோறும் நான் விளக்கேற்றுவது எங்களுக்காக அல்ல. பெயர் தெரியாத அந்த வீட்டுக்காக.

உங்களில் யாராவது இப்போது ஆஸ்பத்திரி வாசலில் இருக்கலாம். நம்பிக்கையே இல்லாவிட்டாலும் அவனைக் கூப்பிடுங்கள். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன்.