வடைப் பெட்டியில் பொன்வண்டு

பழைய எண்ணெயின் சிக்கு வாடையும் பச்சைத் தழையின் வாடையும் கலந்த ஒரு நெடி, ஒரு கோடை முழுவதும் எங்கள் வீட்டு மூலையில் நின்றிருந்தது. நைனாவின் டீக்கடையில் வடை அடுக்கும் கண்ணாடிப் பெட்டி ஒரு பக்கம் உடைந்து வீட்டுக்கு வந்ததும், தங்கை செல்வி உடைந்த பக்கத்தை அட்டையால் அடைத்து, அடியில் மண் பரப்பி, ராணிக்கோட்டை மலையடிவாரத்துக் கொடுக்காப்புளி மரத்தில் பிடித்த பொன்வண்டு ஒன்றை உள்ளே விட்டாள். "வடப்பொட்டியில வண்டு வளக்குறா பாரு, நாளைக்கி அது சட்னி கேக்கும்" என்று நைனா சிரித்தார். அது முட்டையிடும் என்று அவள் தினமும் மண்ணைக் கிளறிப் பார்த்தாள்.

கொஞ்ச நாளில் அவளுக்கு அம்மை போட்டது. வாசலில் வேப்பிலை செருகினார்கள். பாயில் கிடந்தபடி அவள் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டுக்குக் கொடுக்காப்புளித் தழை ஒடித்துவரக் கிளம்பிய என்னை அம்மா தடுத்தாள். "ஆத்தா வந்துருக்குற வூட்டுக்கு வேற தழ வரக்கூடாது. வேப்பலயே போடு, துன்னும்." வண்டு தின்னவில்லை. ஒருநாள் அசைவும் நின்றது. அம்மை இறங்கித் தலைக்குத் "தண்ணி ஊத்துற" வரைக்கும் வீட்டிலிருந்து எதுவும் வெளியே போகக்கூடாது என்பதால் அதை எடுத்துப் போடவும் இல்லை. செத்தாலும் பொன்வண்டின் நிறம் மங்காது. வேப்பிலைமேல் அது பளபளத்துக்கொண்டே இருந்தது. "செத்துச்சின்னு தெரிஞ்சா புள்ள மனசு உட்டுடும், வாயத் தொறக்காத" என்று அம்மா என் காதில் சொன்னாள். காய்ச்சல் ஏறும்போதெல்லாம் செல்வியிடம், "தூங்குதுடி, நீயும் தூங்கு" என்பாள்.

தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று, ஈரத்தலையோடு வந்த செல்வி பெட்டியைத் திறந்து வண்டை உள்ளங்கையில் எடுத்தாள். அழுவாள் என்று நினைத்து நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"எனக்குத் தெரியும்ண்ணா, இது எப்பவோ செத்துப்போச்சு. சொன்னா ஆத்தாவுக்குக் கோவம்னு அம்மா பயந்துக்கும். அதான் கம்முனு இருந்தேன்."

பெட்டியைக் கழுவி அம்மா அதில் பருப்பு டப்பாக்களை வைத்துக்கொண்டாள்.

இப்போது அடிவாரத்தில் கொடுக்காப்புளி மரங்கள் அநேகமாக இல்லை. பொன்வண்டைப் பார்த்து வெகுகாலமாகிறது. நைனாவும் இல்லை, அம்மாவும் இல்லை. பக்கத்து ஊரான அனந்தபுரத்தில் வாழும் செல்வி சென்ற மாதம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்ததை, பஸ்ஸில் பார்த்த அவள் தெருக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். போன் செய்தேன்.

"சாப்டியாண்ணா?" என்றாள்.

"ஆச்சு. நீ எப்டி இருக்குற?"

"எனக்கின்னா, நல்லாத்தான் இருக்கேன்."

ஆஸ்பத்திரி சேதி தெரியும் என்று நானும் காட்டிக்கொள்ளவில்லை.