கொடைக்குப் போகாத கடைவாய்ப்பல்

எங்கள் வீட்டில் யாருக்கு என்ன நோவு வந்தாலும் முதலில் கிடைக்கும் மருந்து ஒரே வாக்கியம்தான். "ஊருக்குப் போகும்போது பாத்துக்கிடலாம்." தாராவியில் எங்கள் சந்தில் உள்ள திருநெல்வேலிப் பக்கத்து வீடுகள் எல்லாவற்றிலும் இந்த மருந்து கைவசம் உண்டு. கண் மங்கினாலும், காது அடைத்தாலும், பல் குடைந்தாலும் அதை மே மாத ரயில் டிக்கெட்டோடு சேர்த்துக் கட்டி வைத்துவிடுவோம். ஊருக்குப் போய் இறங்கினால் அங்கே இருப்பவர்கள், "பம்பாய்ல இல்லாத டாக்டரா? அங்க போயி நல்லபடியா காட்டு" என்று திருப்பி அனுப்புவார்கள். என் வலது பக்கத்துக் கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்று இப்படி இரண்டு ஊருக்கும் நடுவில் போய்வந்து போய்வந்தே செத்தது.

செம்பூரில் ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிறேன். கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு வருகிறவர்களை வாசலில் கண்டதுமே என் கை வலி மாத்திரைப் பெட்டிக்குப் போய்விடும். "டாக்டரிடம் போங்கள்" என்று ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தேன். யாரும் பல் டாக்டரிடம் போவதற்காக மருந்துக்கடைக்கு வருவதில்லை, போகாமல் இருப்பதற்காகத்தான் வருகிறார்கள். பிறகு சொல்வதை விட்டுவிட்டேன். அவர்களுக்குக் கொடுக்கிற அதே கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் நனைத்து நானும் வைத்துக்கொண்டேன். கடைசியில் சயானில் ஒரு டாக்டர் பல்லைப் பிடுங்கியபோது அது முழுசாகக்கூட வரவில்லை, துண்டு துண்டாக வந்தது.

ஒரு பல்தானே போயிற்று என்றுதான் நினைத்தேன். கீழே இடம் காலியானதும் அதற்கு நேர் மேலே இருந்த பல் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்க ஆரம்பித்தது. எதிரில் மோதுவதற்குப் பல் இல்லாவிட்டால் அப்படித்தான் இறங்குமாம். இதை யாரும் எனக்கு முன்பே சொல்லவில்லை. ஒன்று போனதில் இரண்டு வீணாகி, வலப்பக்கமே சும்மா ஆகிவிட்டது. அன்றிலிருந்து இடப்பக்கமாக மட்டும் மெல்கிறேன். வீட்டில் எல்லோரும் எழுந்த பிறகும் நான் தட்டோடு உட்கார்ந்திருப்பேன். முறுக்கு, கடலை மிட்டாய் எல்லாம் எனக்கில்லை என்று ஆகிவிட்டது. கடையில் மதியச் சாப்பாட்டுக்குக் கொடுக்கும் நேரத்தில் ஒரு பக்கத்தால் மென்று முடிக்க முடியாது. பாதியை மென்று பாதியை விழுங்குகிறேன். சாயங்காலம் பஸ்ஸில் நிற்கும்போது வயிறு கல்லாகக் கிடக்கும்.

இந்த வருஷம் பரீட்சை சமயத்தில் ஒரு நாள் காலையில் என் மகள் சாயாவில் பாவ் ரொட்டியைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். பன்னிரண்டு வயது. அவள் தலையைக் கொஞ்சம் சாய்த்து, இடப்பக்கமாகவே மென்றாள். வேறு யாராவது பார்த்திருந்தால் கவனித்திருக்க மாட்டார்கள். எனக்கு அது கண்ணாடியைப் பார்ப்பது போல் இருந்தது.

"வாயத் தெறட்டி."

"ஒண்ணும் இல்லம்மா. லேசா துக்குது, அவ்ளதான்." வலிக்கு அவள் வாயில் இந்திச் சொல்தான் வரும்.

போன் வெளிச்சத்தில் பார்த்தேன். வலது பக்கம், கீழே, கடைசிக்கு முந்தின பல்லில் ஒரு கறுப்புக் குழி. எனக்குப் போன அதே இடம். கோபம்தான் வந்தது, யார் மேல் என்று தெரியாமல்.

வீட்டுக்காரர் தோல் பை தைக்கிற கார்கானாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்துவிட்டு, "பால்பல்லா இருக்கும்ளா. விழுந்து மொளைக்கும். இல்லன்னா கொடைக்குப் போகையில ஊர்ல பாத்துக்கிடலாம்" என்றார்.

ஊரில் அவர் குடும்பத்துக் குலசாமிக்குச் சித்திரையில் கொடைத் திருவிழா. எங்கே இருந்தாலும் வந்து நிற்க வேண்டும் என்பது அந்தக் குடும்பத்தில் சட்டம். டிக்கெட் எல்லாம் முன்பே எடுத்தாயிற்று. போனால் ஒரு மாதம் கழித்துத்தான் திரும்புவோம். எனக்கு அன்றைக்கு வாதாடத் தெம்பில்லை. சாயங்காலம் கடை முடிந்து, பஸ் பிடித்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே மகளைக் கூப்பிட்டு மாட்டுங்காவில் ஒரு பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

டாக்டர் மராட்டிக்காரப் பெண், என் வயதுதான் இருக்கும். அவளுடைய இந்தி எனக்குப் புரிந்தது, என் இந்தியை அவள் பொறுத்துக்கொண்டாள். படம் எடுத்துப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "இது பால்பல் என்று நினைத்தீர்களா?" என்பதுதான். நான் தலையாட்டினேன். எல்லாத் தாய்மாரும் இப்படித்தான் தலையாட்டுவார்கள் போலிருக்கிறது, அவள் ஆச்சரியப்படவே இல்லை.

அவள் சொன்னது இது. அந்தப் பல் ஆறு வயதில் வந்தது. அதற்காக எந்தப் பல்லும் விழுவதில்லை. பால்பற்கள் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்க, அவற்றுக்குப் பின்னால் இது புதிதாக முளைத்து வந்து உட்கார்ந்துகொள்ளும். முன்பல் விழுந்தால் பிள்ளை தானே காட்டும், நாமும் சிரிப்போம். பின்னால் வருவதை யாரும் பார்ப்பதில்லை. பார்த்தாலும் விழுகிற பல் என்று விட்டுவிடுவோம். ஆனால் விழுந்தால் மறுபடி முளைக்காது. அரைப்பது முழுக்க அதன் வேலை. அதற்காகவே அதன் தலையில் மேடும் பள்ளமுமாகக் கொத்திவைத்த அம்மி மாதிரி இருக்கும். அந்தப் பள்ளத்தில்தான் சாயாவில் நனைந்த பாவ் ரொட்டியும் பிஸ்கட்டும் போய் அப்பிக்கொள்ளும்.

"எப்படிப் பல் தேய்ப்பாய், காட்டு" என்று மகளிடம் ஒரு பிரஷ்ஷைக் கொடுத்தாள். மகள் முன்பல் ஆறையும் பளபளவென்று தேய்த்துக் காட்டினாள். எங்கள் சந்தில் காலையில் தண்ணீர் வருகிற நேரம் கொஞ்சம். குடத்துக்கும் வாளிக்கும் நடுவே வாசலில் நின்று, பின்னால் ஆள் நிற்கும்போது அவசரமாகத் தேய்த்துத் துப்புகிறவர்கள் நாங்கள். அந்த அவசரத்தில் கடைசிப் பல்வரைக்கும் யார் போவார்கள்? அதுவும் சாயாவுக்கு முன்னால்தான் தேய்க்கிறோம். தின்றதெல்லாம் அதன் பிறகு.

"ராத்திரி தேய்ப்பதுண்டா?" என்று டாக்டர் கேட்டாள். நானும் மகளும் சேர்ந்து தரையைப் பார்த்தோம்.

பல்லைக் காப்பாற்றலாம் என்றாள். உள்ளே நரம்பு செத்து சீழ் வைத்திருக்கிறது. இன்றைக்குத் திறந்து சுத்தம் செய்து மருந்து வைக்க வேண்டும். இன்னொரு நாள் வேரை அடைக்க வேண்டும். மூன்றாவது முறை வரும்போது பல்லின் மேலே தொப்பி மாதிரி உறை மாட்ட வேண்டும். அந்த மூன்றாவது முறை, டிக்கெட்டில் இருந்த தேதிக்குப் பிறகு வந்தது.

வீட்டில் அதைச் சொன்னபோது வீட்டுக்காரர், "ரெண்டு தடவ பாத்தாச்சின்னா போதும். வலி நின்னுரும்லா. தொப்பிய ஊர்ல போட்டுக்கிடலாம்" என்றார்.

"ஊர்ல இதப் பாத்தா, பம்பாய்ல ஆரம்பிச்சத பம்பாய்லயே முடிங்கன்னு சொல்லுவாவ. எனக்குச் சொன்னாவள்லா."

"அப்ப திரும்பி வந்து போடு."

"அதுவரைக்கும் தாங்காதாம். மேல வச்சிருக்கது சும்மா அடைப்பு. ஒடஞ்சா பல்லே பொளந்துரும்னு சொல்லுதா."

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். அவருக்குக் கோபம் வந்தால் பேச்சு நின்றுபோகும். மறுநாள் ஊரிலிருந்து மாமியார் போன் பண்ணினார்கள்.

"ஏட்டி, ஒரு பல்லுக்காவ சாமி கொடைய விடுவாளா எவளாவது? பல்லு முப்பத்திரெண்டு இருக்கு, சாமி ஒண்ணுதான."

"பிள்ளைக்கு முப்பத்திரெண்டு இன்னும் மொளைக்கல அத்த" என்றேன். அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.

உண்மையைச் சொன்னால், கொடைக்குப் போகாமல் இருப்பதில் எனக்குள் ஒரு நிம்மதியும் இருந்தது. இரண்டு ராத்திரி ரயிலில் போய் இறங்கி, அப்படியே அடுப்படிக்குள் நுழைந்தால் வெளியே வருவது திரும்புகிற ரயிலுக்குத்தான். ஆனால் மகளுக்கு அப்படியில்லை. அவளுக்கு அது சித்தப்பா பிள்ளைகளும் வளையல் கடையும் ராட்டினமும். வருஷம் முழுக்க இந்தியிலும் மராட்டியிலும் பேசுகிறவள், அந்த ஒரு மாதத்துக்காகத் தமிழை எடுத்து வைத்திருப்பாள். "நாம போகலயா?" என்று ஒரு முறைதான் கேட்டாள். பிறகு என்னிடம் பேசவில்லை. வீட்டில் இரண்டு பேர் பேசாமல் இருந்தார்கள்.

இரண்டாவது முறை டாக்டர் வேரை அடைத்து முடித்ததும், மகள் நாற்காலியில் எழுந்து உட்கார்ந்து இந்தியில் தெளிவாகக் கேட்டாள். "இதைப் பிடுங்கிவிட முடியுமா? பிடுங்கிவிட்டால் நான் மறுபடி வர வேண்டாமே. ஊருக்குப் போய்விடுவேன்."

டாக்டர் என்னைப் பார்த்தாள். என்னென்னவோ சொல்லித் திட்ட வந்தது. நாள் முழுக்கக் கடையில் நின்ற கால் வலித்தது. எந்தச் சொல்லையும் தேடி எடுக்கத் தெம்பில்லை. அந்த நாற்காலி ஓரத்தில் போய்க் குனிந்து, அவள் முகத்துக்கு நேரே என் வாயைத் திறந்தேன்.

"பாரு" என்றேன்.

டாக்டருக்குப் புரிந்துவிட்டது. மேலே இருந்த விளக்கை என் பக்கம் திருப்பி, நீளக் காம்பு வைத்த சின்னக் கண்ணாடியை மகள் கையில் கொடுத்தாள். மகள் அதை என் வாய்க்குள் விட்டு வலப்பக்கத்தைப் பார்த்தாள். கீழே ஓட்டை, மேலே இறங்கி நிற்கிற மஞ்சள் பல். வெகுநேரம் பார்த்தாள். எச்சில் வழியும் போலிருந்தது, நான் அசையவில்லை. என் அம்மாவின் வாயை நான் இப்படிப் பார்த்ததில்லை, யாரும் எனக்குக் காட்டியதுமில்லை.

கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நீ இதனாலதான் ரொம்ப நேரம் திங்கியா?"

அவள் அப்பா மட்டும் ஊருக்குப் போனார். தாதரில் ரயில் ஏற்றிவிடப் போனோம். மூன்று பேருக்கு எடுத்த இருக்கையில் அவர் ஒருவராக இரண்டு பையோடு உட்கார்ந்திருந்தார். கோபம் எனக்குக் கொஞ்சம் இளகிவிட்டது. அவருக்கு இளகினதா தெரியவில்லை.

கொடை அன்றைக்கு நாங்கள் மாட்டுங்காவில் டாக்டருக்காகக் காத்திருந்தோம். ஊரிலிருந்து வீட்டுக்காரர் வீடியோவில் அழைத்தார். மேளச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. பந்தல் விளக்கும், வியர்வையில் அவர் முகமும், பின்னால் யாரோ சாமியாடுவதும் விட்டுவிட்டுத் தெரிந்தன. மகள் போனை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அழுதாள். நான் தடுக்கவில்லை. உள்ளே கூப்பிட்டார்கள். வெளியே வரும்போது அவள் பல்லின் தலையில் வெள்ளி நிறத்தில் ஒரு தொப்பி இருந்தது.

தொப்பி போட்டுவிட்டோம் என்று தேய்க்காமல் விட்டால் ஈறோரமாக மறுபடி சொத்தை வரும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினாள். மற்றக் கடைவாய்ப்பற்களின் பள்ளங்களை மாவு மாதிரி ஒன்றை வைத்து மூடிவிட்டாள். ராத்திரி சாப்பிட்ட பிறகு, குடத்தில் பிடித்து வைத்த தண்ணீரில் ஒரு சொம்பை அதற்கென்று ஒதுக்கினேன். எனக்குக் கண் சொக்கும், அப்படியே படுத்துவிடலாம் என்றிருக்கும். ஆனாலும் இருவரும் வாசலில் நின்று, பின்னாலிருந்து ஆரம்பித்து முன்னால் வருகிறபடி தேய்ப்போம். மிஞ்சியிருக்கிற என் பற்களுக்கும் சேர்த்துத்தான்.

மே மாதக் கடைசியில் அவர் திரும்பி வந்தார். வந்ததும் மகளின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். "வெள்ளிப் பல்லுக்காரி" என்றார். என்னிடம், "அம்மாக்கு இன்னும் வருத்தம்தான். நீதான் பேசணும்" என்றார். பேசுவேன், கொஞ்ச நாள் போகட்டும். ரயில் கோவில்பட்டியில் நின்றபோது வாங்கிய கடலை மிட்டாய்ப் பொட்டலத்தைப் பையிலிருந்து எடுத்து வைத்தார்.

மகள் ஒன்றைப் பிரித்தாள். ஒரு துண்டை உடைத்து வாயில் போட்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நாக்கால் வலப்பக்கம் தள்ளிக் கடித்தாள். நொறுங்குகிற சத்தம் எனக்கே கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்க எனக்கு அவ்வளவு ஆசை இருந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. கொஞ்சம் பொறாமையும் வந்தது, அதையும் ஏன் மறைக்க வேண்டும்.

அவள் எழுந்து போய்ச் சப்பாத்திக் கட்டையை எடுத்து வந்தாள். இன்னொரு மிட்டாயை பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, தரையில் வைத்து, கட்டையால் தட்டினாள். நன்றாகப் பொடியாகிற வரைக்கும் தட்டி, ஒரு தட்டில் கொட்டி என் முன்னால் வைத்தாள்.

"தின்னும்மா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பொடியில் ஒரே ஒரு கடலை உடையாமல் முழுசாகக் கிடந்தது. அதை எடுத்து அவளிடமே கொடுத்தேன்.