அடைக்கலசாமியின் மேல்வரிசைப் பற்கள்

என் அப்பா அடைக்கலசாமி ஏலாக்குறிச்சி பேண்டு செட்டில் கிளாரினெட் வாசித்தார். மாதா கோயில் திருவிழாவில் சப்பரத்துக்கு முன்னால் நடப்பவர் அவர்தான். மற்ற நாட்களில் அரியலூர், பெரம்பலூர், பாடாலூர் என்று கல்யாண ஊர்வலங்கள். முகூர்த்தம் இல்லாத மாதங்களில் எங்கள் கொல்லையில் கடலையும் சோளமும் போடுவார். அவர் காலையில் சாதகம் செய்கிறபோது அம்மா அடுப்படியில் சுருதி சேராமல் கூடவே முணுமுணுப்பாள். அந்த இரண்டு சத்தமும் சேர்ந்துதான் எங்களுக்கு விடிந்தது என்று அர்த்தம். இப்போதும் எங்காவது கல்யாண மண்டபத்தில் கிளாரினெட் கேட்டால், கூட ஒரு முணுமுணுப்பு வருகிறதா என்று என் காது தேடுகிறது.

சுதந்திரம் வந்ததற்கு அடுத்த வருஷம் கோடையில், அப்பாவுக்கு ஈறில் ரத்தம் கசிய ஆரம்பித்தது. கிளாரினெட்டை வாயில் வைக்கும்போது கீழுதட்டை மடித்து அதன் மேல் ரீடு என்ற நாணல் பட்டை, மேலே முன்பற்கள் என்று அழுத்திப் பிடிக்க வேண்டும். பிடித்தால் மேல்பற்கள் அசைந்தன. அவர் யாரிடமும் சொல்லவில்லை. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தார். அரியலூரில் ஒரு ஊர்வலத்தில், பெட்ரோமாக்ஸ் விளக்குகளுக்கு நடுவே, மேல் ஸ்தாயியில் நிற்க வேண்டிய ஸ்வரம் கீச்சென்று உடைந்தது. பெரிய டிரம் அடித்துக்கொண்டிருந்த நல்லதம்பி சித்தப்பா அடிப்பதை நிறுத்தாமலே திரும்பிப் பார்த்தார். செட்டை நடத்தியவரும் அவர்தான்.

மறுநாள் அவர்தான் அப்பாவை அரியலூரில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனார். டாக்டர் ஒவ்வொரு பல்லாக ஆட்டிப் பார்த்தார்.

"ஈறு கெட்டு பயோரியா முத்திப்போச்சு. எல்லாத்தையும் எடுத்துட்டு பல்செட் போட்டுக்க."

"செட்டு போட்டுக்கிட்டு ஊத முடியுங்களா?"

"சோறு திங்கலாம். ஊதறதுக்கு என்கிட்ட கேக்காத."

எதற்கும் திருச்சியில் ஒரு எக்ஸ்ரே எடுத்து வரச் சொன்னார். அப்பா போனார். அங்கே பல்லுக்குப் பின்னால் அண்ணத்தில் ஒரு சின்ன ஃபிலிமை வைத்து, கட்டைவிரலால் அழுத்திக்கொள்ளச் சொல்லி, கண்மதிப்பில் மெஷினைச் சாய்த்துப் படம் எடுத்துக் கொடுத்தார்கள். அரியலூர் டாக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். வேர்கள் நீண்டு தெரிந்தன. அவற்றைச் சுற்றி இருக்க வேண்டிய எலும்பு, வேர் நுனிப் பக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"பாத்தியா? பிடிமானமே இல்ல. வெள்ளிக்கிழமை வா."

அந்த வெள்ளிக்கிழமைக்கு முன்னால் பெரம்பலூரில் ஒரு கல்யாணம் இருந்தது. பஞ்சு வியாபாரி வீடு. அதுதான் தன்னுடைய கடைசி வாசிப்பு என்று அப்பா முடிவு செய்துவிட்டார். சட்டையை அம்மா கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடுத்தாள். அன்றைக்கு அவர் வாசித்ததைப் பற்றி நல்லதம்பி சித்தப்பா வயசான பிறகும் பேசுவார். யாரும் கேட்காத பாட்டையெல்லாம் வாசித்தாராம். பெண்வீட்டார் போதும் என்று சொன்ன பிறகும் நிறுத்தவில்லையாம்.

பந்தியில் உட்கார்ந்தபோது அப்பளத்தைக்கூட அவரால் கடிக்க முடியவில்லை. ரசத்தில் ஊறவைத்துக்கொண்டிருந்தார். எதிர்ப் பந்தியில் பெண்ணின் மாமா, உடையார்பாளையத்துக்காரர், இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பெயர் வைத்திலிங்கம். கல்கத்தாவில் பல் மருத்துவம் படித்துவிட்டுத் திருச்சியில் ஆஸ்பத்திரி வைத்திருந்தவர். கை கழுவும் இடத்தில் அப்பா பக்கத்தில் வந்து நின்றார்.

"இவ்வளவு நல்லா வாசிக்கிறீங்க. பல்லுல என்ன?"

"வெள்ளிக்கிழமை எல்லாத்தையும் எடுக்கறாங்க."

"யாரு சொன்னது?"

அப்பா கிளாரினெட் பெட்டியில் வைத்திருந்த ஃபிலிமை எடுத்துக் காட்டினார். டாக்டர் பந்தலுக்கு வெளியே வெயிலில் போய் நின்று பார்த்தார். பிறகு, "வாயைத் திறங்க" என்றார். கல்யாணத்துக்கு வந்தவர்கள் வேடிக்கை பார்க்க, தெருவில் வைத்தே அப்பாவின் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். ஃபிலிமைப் பார்த்தார். மறுபடியும் பல்லைப் பார்த்தார்.

"படத்துல உங்க பல்லு இவ்வளவு நீளமா இருக்கு. வாயில அவ்வளவு நீளம் இல்லையே. பல்லையே தப்பா காட்டுற படம் எலும்பை மட்டும் சரியா காட்டுமா? வெள்ளிக்கிழமை அங்க போவாதீங்க. என்கிட்ட வாங்க."

வெள்ளிக்கிழமை அம்மாவும் கூடவே கிளம்பினாள். அரியலூர் ஸ்டேஷனில் ரயில் ஏறி, திருச்சி வரைக்கும் ஜன்னலோரம் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டினாளாம். அம்மா அருளாயி அதற்கு முன்னால் ரயிலில் போனதில்லை. அன்று நடந்ததையெல்லாம் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

டாக்டர் அதே பற்களை மூன்று விதமாகப் படம் எடுத்தார். முதலில் பழையபடி ஃபிலிமை அண்ணத்தில் அழுத்தி, மெஷினைச் சாய்த்து. அடுத்தது அதே மாதிரிதான், சாய்வு மட்டும் வேறு. மூன்றாவது தடவை ஒரு சின்ன மரத்துண்டை வைத்து, ஃபிலிம் வளையாமல் பல்லுக்கு நேர் இணையாக நிற்கும்படி செய்து, மெஷினைத் தள்ளி நிறுத்தி நேராக எடுத்தார். கடைவாய்ப் பற்களுக்கு வேறு ஒரு முறை. ஃபிலிமின் நடுவில் ஒட்டியிருந்த காகிதச் சிறகைக் கடித்துக்கொண்டால் மேல்பற்களும் கீழ்ப்பற்களும் ஒரே படத்தில் விழும்.

கழுவிக் காயவைத்த படங்களை வரிசையாக வைத்தார். அம்மா குனிந்து பார்த்தாள்.

"ஒரே ஆளு வாயிதானுங்களே? ஒண்ணுல எலும்பு நெறைய இருக்கு, ஒண்ணுல ஒண்ணுமே இல்லாம இருக்கு. எதை நம்புறது?"

டாக்டர் ஜன்னலைச் சாத்தினார். அப்பா கூடவே கொண்டுவந்திருந்த கிளாரினெட்டை எடுத்து, சுவரோரமாகச் சற்றுச் சாய்த்துப் பிடித்துக்கொள்ளும்படி அம்மாவிடம் கொடுத்தார். "இதுதான் பல்லுன்னு வச்சிக்கங்க" என்றார். அதன் அடிப்பாதியை மறைத்து ஒரு புத்தகத்தை முன்னால் பிடித்தார். "இது எலும்பு." மறுகையில் இருந்த டார்ச்சை உயர்த்தி அடித்தார். சுவரில் கிளாரினெட்டின் நிழல் நீண்டது. புத்தகத்தின் நிழல் சரிந்து கீழே போனது. டார்ச்சை இறக்கினார். கிளாரினெட் குட்டையாகி, புத்தகத்தின் நிழல் மேலேறியது. பிறகு கிளாரினெட்டை நிமிர்த்திப் பிடிக்கும்படி அம்மாவிடம் சொல்லி, நேராக வெளிச்சம் அடித்தார். புத்தகம் எங்கே இருந்ததோ அங்கேயே நிழலும் நின்றது.

"சாய்ச்சு எடுக்கறவங்க தப்பானவங்க இல்லீங்க. நானும் நேத்து வரைக்கும் அப்படித்தான் எடுத்தேன். கொஞ்சம் கை தவறினா எலும்பு ஏறும், எறங்கும். நேரா எடுத்தா அந்தத் தொந்தரவு கொறயும்."

அதோடு விடவில்லை. கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விட்டு ஆழம் பார்த்தார். நேராக எடுத்த படத்தோடுதான் அது ஒத்துப்போனது. மேல்வரிசை முன்பற்களுக்கு மூன்றில் ஒரு பங்கு எலும்பு போயிருந்தது. பாக்கி இருந்தது. ஆனால் கடித்து எடுத்த படத்தில் ஒரு கெட்ட செய்தி இருந்தது. அரியலூர் டாக்டர் ஆட்டிப் பார்த்தபோது அசையாமல் இருந்த கீழ்க் கடைவாய்ப் பற்கள் இரண்டுக்கு இடையில் எலும்பு குழியாகக் கரைந்திருந்தது.

"இந்த ரெண்டும் போவணும்."

"முன்னால உள்ளது இருக்குங்களா?" அம்மாதான் கேட்டாள்.

"இருக்கும். எத்தனை வருஷம்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். புகையிலையை விடணும். மழைக்காலம் முடியற வரைக்கும் ஊதக் கூடாது."

அப்பா அந்த இரண்டு பற்களை அன்றே எடுத்துக்கொண்டார். ஈறைச் சுத்தம் செய்து, முன்பற்களை ஒன்றோடொன்று மெல்லிய கம்பியால் கட்டி அனுப்பினார் டாக்டர்.

புகையிலையை விட்டதைவிட ஊதாமல் இருந்ததுதான் அவரை வாட்டியது. கொல்லையில் வேலை முடிந்து வந்ததும் கிளாரினெட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஊதாமல் விரலை மட்டும் ஓட்டுவார். துளைகளை மூடித் திறக்கும் சாவிகள் டக் டக்கென்று தட்டும். அந்தத் தட்டலை வைத்தே என்ன பாட்டு என்று அம்மா கண்டுபிடித்துவிடுவாள். சில நாள் அவளே பாடிவிடுவாள்.

"ஏன்டி, சுருதியில பாடினா ஒனக்குக் கொறஞ்சா போயிடும்?"

"நீங்க ஊதுங்க, நான் நிறுத்திக்கறேன்."

நல்லதம்பி சித்தப்பா திருச்சியிலிருந்து கிளாரினெட்டுக்கு வேறு ஒருவரைப் பிடித்து வந்தார். அந்த வருஷத் திருவிழாவில் அப்பா கூட்டத்தோடு கூட்டமாக மெழுகுவர்த்தி பிடித்துச் சப்பரத்துக்குப் பின்னால் நடந்தார். வீட்டுக்கு வந்து, "நல்லாத்தான் வாசிக்கிறான்" என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமல் படுத்துக்கொண்டாராம்.

மழை விட்ட பிறகு திரும்ப ஊத உட்கார்ந்தார். மேல்பல் பட்டதும் பயம் வந்தது. பல் படாமலே பிடிக்க முடியுமா என்று மேலுதட்டையும் உள்ளே மடித்து வைத்து ஊதிப் பார்த்தார். முதலில் காற்றுதான் வந்தது. உதடு வீங்கியது. அம்மா வெண்ணெய் தடவிவிட்டாள். வாரக்கணக்கில் அப்படியே போராடி, ஒரு நாள் சத்தம் பிடிபட்டது. ஆனால் அது பழைய சத்தம் இல்லை. சின்னதாக, வெதுவெதுப்பாக இருந்தது.

சித்தப்பா வந்து உட்கார்ந்து, அவர் ஊதியதைக் கேட்டார்.

"அண்ணே, மறைக்கறதுக்கு என்ன இருக்கு. இது தெருமொனைக்கு எட்டாது."

"எட்டாதுதான்" என்றார் அப்பா.

அதன் பிறகு ஊர்வலத்துக்குத் திருச்சிக்காரர் போனார். அப்பா கோயிலுக்குள்ளே பூசைக்கும், கல்யாண வீடுகளில் பந்தலுக்குள்ளேயும் வாசித்தார். முதல் வருஷம் அது அவருக்கு அவமானமாகத்தான் இருந்தது. வெளியே டிரம் சத்தம் கேட்டால் முகம் மாறிவிடும். ஆனால் உள்ளே உட்கார்ந்து வாசிக்கும்போது எதிரே இருப்பவர்கள் பேச்சை நிறுத்துவதை மெல்ல மெல்லக் கவனித்தார். தெருவில் நடந்துகொண்டே வாசித்த காலத்தில் அதை அவர் பார்த்ததே இல்லை.

வைத்திலிங்கம் டாக்டரிடம் வருஷத்துக்கு ஒரு தடவை போய் அதே மாதிரி நேராகப் படம் எடுத்துக்கொள்வார். எலும்பு பெரிதாக இறங்கவில்லை. டாக்டரும் அவரும் கடைசிவரைக்கும் சினேகிதமாக இருந்தார்கள். டாக்டர் எங்கள் வீட்டுக்கு வந்தால் அம்மா சோளப்பணியாரம் சுடுவாள்.

என் கல்யாணம் ஏலாக்குறிச்சி கோயிலில் நடந்தது. பெண்ணைப் பெற்றவர் வாசிக்க வேண்டாம் என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. தாலி கட்டி முடிந்ததும் பாடகர் குழு பக்கமாகப் போய் ஒரு முக்காலியில் உட்கார்ந்து வாசித்தார். பின்வரிசைக்கு அது கேட்டிருக்காது. பீடத்துக்கு முன்னால் முழங்காலில் இருந்த எனக்கு நன்றாகவே கேட்டது.