பிரெஞ்சுக்காரியின் கோடுகள்

சங்கரன்கோவிலில் சேலைப் பெட்டிகளில் ஒட்டும் லேபிளுக்குப் பெண் படம் வரைவதுதான் முப்பது வருஷம் என் பிழைப்பு. பி.ஏ. படித்தவன், கோடு சுத்தமாக இருக்கும் என்று விசைத்தறி முதலாளிகளிடம் நல்ல பெயர். அந்தக் கோடு என்னுடையதல்ல.

கடையநல்லூர் வியாபாரி ஒருவர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கண்ணாடிச் சாமான்களை ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையின் தாள்களில் சுற்றியிருந்தார். நீவிப் பார்த்தேன். எல்லாப் பக்கத்திலும் கவுன் போட்ட பெண்கள். வரைந்தவரும் ஒரு பெண். கழுத்துக்கு ஒரு கோடு, இடுப்புக்கு ஒரு கோடு, அவ்வளவுதான். டிரேசிங் தாளை வைத்து உருவத்தை எடுத்தேன். கவுனுக்குப் பதில் சேலை கட்டினேன். என் பெயரைக் கீழே போட்டேன்.

ஒருமுறை, யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று சேலை வரைந்த டிரேசிங் தாளைத் திருப்பிப் போட்டு அட்டையில் ஏற்றினேன். முந்தானை வலது தோளுக்குப் போய்விட்டது. அச்சான பிறகுதான் முதலாளி பார்த்தார்.

"என்ன வே, நம்ம சேலையச் சேட்டு வீட்டு அம்மாவுக்குக் கட்டி விட்டிருக்கீரு?"

வீட்டில் என் மனைவி லேபிளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. "பாக்காம வரைஞ்சா இப்படித்தான். நான் வேணா நிக்கேன், பாத்து வரையுதியளா?" என்றாள். சேலையைச் சரிசெய்துகொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றேவிட்டாள்.

"உன்னைப் பாத்து வரைஞ்சா எவ சேலை வாங்குவா?" என்றேன்.

வேடிக்கைக்குச் சொன்னதாகப் பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய். எனக்குப் பார்த்து வரையத் தெரியாது. அது அவளுக்குத் தெரிந்துவிடும் என்று பயந்தேன். அதற்குப் பிறகு மேசைக்குக் காப்பி வந்தது, அவள் நின்றதில்லை. போட்டோ எடுக்க வந்தால்கூட நகர்ந்துவிடுவாள்.

அவள் போய்ச் சேர்ந்து பத்து மாதமாகிறது. வீட்டில் நான் மட்டும். ஒரு மத்தியானம், பத்திரிகைப் படங்களின் மூலையில் இருந்த கையெழுத்தை நினைவிலிருந்து செல்போனில் தட்டிப் பார்த்தேன். அந்த ஓவியரைப் பற்றி நீண்ட கட்டுரை கிடைத்தது. தொப்பிக் கடைக்கு விளம்பரம் வரைந்து தொடங்கியவர். பத்திரிகைகள் போட்டோவுக்கு மாறியபோது வேலை போயிருக்கிறது. வயதான பிறகு மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். கை நடுங்கும்வரை வரைந்திருக்கிறார். எதிரே ஆள் நிற்காமல் ஒரு கோடு போட்டதில்லையாம். மாடல் வராத நாளில் வீட்டு வேலைக்கு வரும் பெண்ணையே நிறுத்தி, அரைமணி நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருப்பாராம். என் சேலைகளை விற்றுக் கொடுத்தவள் அந்த வேலைக்காரப் பெண்ணாகவும் இருக்கலாம்.

போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து மகள் பேசினாள். "வருஷ திதிக்கு அம்மா படத்த நீங்களே வரைஞ்சிருங்கப்பா."

நான்கு நாள் உட்கார்ந்தேன். ஒவ்வொரு தாளிலும் நீண்ட கழுத்தும் கூர்மையான தாடையுமாக, மூக்குத்தி போட்ட பிரெஞ்சுக்காரிதான் வந்தாள்.

"என்னால முடியல மக்கா. உங்கம்மாவ நான் சரியாப் பாத்ததே இல்ல," என்று மகளிடம் சொல்லிவிட்டேன்.

"சரிப்பா, இருக்க போட்டோவையே பெருசு பண்ணிக்கிடுவோம்."

இருந்தது பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றுதான். ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோனேன். "கலராக்கித் தாரேன் அண்ணாச்சி. அம்மா நல்ல செவப்பா, மாநிறமா?" என்றார் ஸ்டுடியோக்காரர்.

மகளிடம் கேட்டுச் சொல்லுகிறேன் என்று வெளியே வந்தேன்.