ட்றையர் நிற்கும்வரை

போன சனிக்கிழமை டாம் ஆட்டத்தில் எனக்குப் படுதோல்வி. தொடர்ந்து மூன்று ஆட்டம்! வாயெல்லாம் பல்லாக வீட்டுக்கு வந்தேன்.

"வெண்டிட்டியளோ?" என்று மனைவி கேட்டாள்.

"இல்லை, தோத்துப்போனன்" என்றேன். என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

"பிறகேன் உந்தச் சிரிப்பு?"

அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

ரொறன்ரோவில், எங்கள் பார்க்டேல் கட்டடத்தின் ஏழாம் மாடியில் இருப்பவர் சாமுவேல். கானா நாட்டுக்காரர், பஸ் மெக்கானிக். சனிக்கிழமைகளில் உடுப்புத் தோய்க்கப் போகும் இடத்தில் – நிலக்கீழ் லோண்டரி அறையில்தான் – பழக்கமானோம். துணி காயும்வரை டாம் விளையாடுவோம். கட்டம் போட்ட பலகையில் காயால் காயைத் தாண்டி வெட்டும் அதே ஆட்டம்தான். ஆனால் சாமுவேல் அதைக் கையால் மட்டுமல்ல, வாயாலும் விளையாடுவார். வெட்டிவிட்டுக் கிண்டலடிக்காவிட்டால் அது வெற்றியில் சேர்த்தி இல்லை. என் படிப்பு, என் மீசை, என் நாட்டின் கிரிக்கெட் – எதையும் விடமாட்டார். அவரை நான் ஒருமுறைகூட வென்றதில்லை.

பிறகு ஒரு சனிக்கிழமை வென்றேன். துள்ளிக் குதித்தேன். அடுத்த கிழமையும் வென்றேன்... அப்போதுதான் கவனித்தேன். மனிதர் கிண்டலடிக்கவில்லை. பலகையைப் பார்க்கவே இல்லை. இடுப்பைப் பிடித்தபடி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

கான்சர். எலும்புக்குள் இறங்கிவிட்டது. இனி மாற்ற முடியாது என்று டொக்ரர் சொல்லிவிட்டார். நோவுக்கு மோர்ஃபின் மருந்து கொடுத்திருந்தார்கள். போத்தல் மூடி திறக்காமல் அலுமாரியில் இருந்தது. அது கடைசி நேரத்தில் கொடுப்பது, குடித்தால் தூங்கியே போய்விடுவோம் என்று அவருக்குப் பயம்.

இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்கிறீர்களா? பொறுங்கள், கிரேஸ் வருகிறாள்.

கிரேஸ் உகண்டாக்காரி. நாலாம் மாடி. நேர்ஸ். நோயை மாற்ற முடியாவிட்டாலும் நோவைக் குறைக்கலாம், வீட்டுக்கே வந்து அதைச் செய்ய ஆட்கள் இருக்கிறார்கள் – இது ரொறன்ரோவில் இருக்கும் ஆபிரிக்கக் குடும்பங்களுக்குத் தெரியவில்லையே என்று ஓடித் திரிகிறவள். ஒரு சேர்ச் மண்டபத்தில் கூட்டமும் வைத்தாள். மரணத்தைப் பற்றிப் பேச்சு என்று போஸ்ரர் ஒட்டினால் யார் வருவார்? வந்தது நானும் மண்டபத்தைப் பூட்டுகிறவரும்தான். நான்கூடப் போனது தேத்தண்ணி இருக்கும் என்ற நம்பிக்கையில்தான்.

எங்கள் தமிழ் ஆட்கள் மட்டும் திறமோ? நோயாளியைப் பார்க்கத் தோடம்பழத்தோடு போவோம். நாட்டு நிலைமை, வாடகை, ஸ்னோ எல்லாம் பேசுவோம். "நோகுதோ?" என்று மட்டும் கேட்கமாட்டோம்.

மண்டபக் கூட்டம் தோற்ற பிறகுதான் கிரேஸுக்கு அந்த யோசனை வந்தது. கட்டடத்தில் இருக்கும் கானா, உகண்டா, சோமாலியா, எதியோப்பியா எல்லாம் சனிக்கிழமை எங்கே கூடுகின்றன? ஈரத் துணியை ட்றையருக்குள் போட்டுவிட்டு யாரால் ஓட முடியும்? ஆக, ட்றையர் நிற்கும்வரை கிரேஸ் பேசலாம்!

சாமுவேலைக் கீழே கொண்டுவருவது என் பொறுப்பு. இன்றைக்கும் வெல்லப்போகிறேன் என்று சீண்டினேன். ரோஷத்தில் லிஃப்ற் ஏறிவிட்டார்.

துணி மடிக்கும் மேசையில் ஏறி உட்கார்ந்து கிரேஸ் ஆரம்பித்தாள். முதலில் எல்லோரும் சொக்ஸுக்கு ஜோடி தேடுவதில் மும்முரமாக இருந்தார்கள். பிறகு ஒரு சோமாலியப் பெண், பாதி மடித்த பெட்ஷீற்றைக் கையில் பிடித்தபடி, அந்த மருந்தைக் கொடுத்தால் தன் தாய் எழும்பாமலே போய்விடுவாளா என்று கேட்டாள். சாமுவேலின் கை காயோடு அந்தரத்தில் நின்றது.

அளவோடு கொடுத்தால் ஆளைக் கொல்லாது, முதலில் கொஞ்சம் தூக்கம் வரும், பிறகு தெளியும் என்றாள் கிரேஸ். சாகிறவர்களின் மருந்தல்ல, நோகிறவர்களின் மருந்து. அளவு பார்க்கத் தானே வீட்டுக்கு வருவதாகவும் சொன்னாள்.

அவ்வளவுதான் – நாலு பக்கமிருந்தும் கேள்விகள். ட்றையர்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஒருவரும் துணியை எடுக்கவில்லை!

சாமுவேல் கையை உயர்த்தினார். அவர்கள் ஆங்கிலத்தில் பேசியதை எங்கள் பேச்சில் தருகிறேன்.

"அதைக் குடிச்சால் டாம் விளையாட மூளை வேலை செய்யுமோ?"

கிரேஸ் பலகையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"இவரோடை விளையாடவோ? அதுக்கேன் மூளை?"

அறை முழுக்கச் சிரிப்பு. சாமுவேல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எத்தனை நாளைக்குப் பிறகு! என்னைவிடச் சத்தமாக அங்கே யாரும் சிரிக்கவில்லை.

அன்றே முதல் கரண்டி உள்ளே போனது. அடுத்த சனிக்கிழமை அவர் தூங்கி வழிந்தார். நான் நாலாம் மாடிக்கு ஓடினேன். கிரேஸ் டொக்ரரோடு பேசி அளவைச் சரிசெய்வித்தாள்.

போன சனிக்கிழமை லிஃப்ற் கதவு திறந்தது. கக்கத்தில் டாம் பலகையோடு சாமுவேல்! உட்காரும் முன்பே என் மீசையில் தொடங்கிவிட்டார். வெட்டுக்கு ஒரு கிண்டல். தோற்கத் தோற்க எனக்குக் கண் கலங்கியது, அப்படி ஒரு சந்தோஷம்.

நோய் போய்விடவில்லை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இன்னும் எத்தனை சனிக்கிழமை என்று இரண்டு பேருமே கிரேஸிடம் கேட்கவில்லை.

கதையைக் கேட்ட மனைவி கண்ணைத் துடைத்தாள். பிறகு என் வெறுங்கையைப் பார்த்தாள்.

"அது சரி, உடுப்பெங்கை?"

ட்றையருக்குள்! திரும்பவும் கீழே ஓடினேன்.

ஆண்டவனே, வருகிற சனிக்கிழமையும் நான் தோற்க வேண்டும்.