தகட்டில் கீறிய வாய்

கல்லூரியில் அவனை சோடாபுட்டி என்றுதான் கூப்பிட்டார்கள். கண்ணாடி அத்தனை தடிமன். ஆனால் கண் கெட்டிக்காரக் கண். எதிரில் இருப்பவர் முகத்தில் என்ன குறையோ, அதில்தான் முதலில் போய் உட்காரும். அச்சுக்கலையும் கிராபிக் டிசைனும் படித்தான். அப்பா சலூன் வைத்திருந்தார். அதைப் பற்றி மட்டும் அங்கே யாரிடமும் அவன் மூச்சு விடவில்லை. கேட்டால் "பிசினஸ்" என்பான். நின்று நின்று கால் நரம்பு சுருண்டுபோன மனிதர் கட்டுகிற ஃபீஸில் படித்துக்கொண்டு துரைக்கு வந்த பேச்சைப் பாருங்கள்.

அவன் கல்லூரியில் சேர்வதற்கு முந்தைய வருடம்தான் அப்பாவுக்கு முகவாதம் வந்தது. காலையில் எழுந்து வாய் கொப்பளித்தவர், தண்ணீர் ஒரு பக்கமாக ஒழுகுவதைப் பார்த்துச் சிரித்தார். சிரிப்பும் ஒரு பக்கமாகத்தான் போனது. வாய் வலப்பக்கம் இழுத்துக்கொண்டது, வைத்தியம் பார்த்தும் நேராகவில்லை. ஊர் ஆண்களுக்கெல்லாம் மீசை திருத்துகிறவர், அன்றிலிருந்து டீயைக்கூட சுவர்ப்பக்கம் திரும்பிக் குடித்தார். வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

கடைசி வருடக் கண்காட்சி வந்தது. முதல் இடம் பிடிப்பவரைப் பெரிய விளம்பரக் கம்பெனி ஒன்று அப்படியே வேலைக்கு எடுத்துக்கொள்ளும். சோடாபுட்டிக்கு அந்த இடம் வேண்டும், உலகத்தில் வேறு எதுவும் வேண்டாம். கண்காட்சிக்கு வைக்கிற அச்சுப்படத்துக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. அப்பாவையே சுற்றிச் சுற்றி வந்தான்.

"உக்காருறேன்டா. வாயை மட்டும் நேரா போட்டுடு," என்றார் அப்பா.

"கோணலைப் போடவே மாட்டேன்பா. சத்தியமா."

கடை விடுமுறை நாட்களில் கொஞ்சம் காலை நீட்டிப் படுக்க வேண்டிய மனிதர், ஸ்டூலில் அசையாமல் உட்கார்ந்தார். மூக்கு அரித்தால்கூட இவனிடம் கேட்டுவிட்டுத்தான் சொறிந்தார். நேரான வாயோடு பென்சிலில் ஒரு படம் போட்டுக் கொடுத்தான். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. சட்டம் போட்டுக் கடையில் மாட்டி, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பையன் வரைந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தப் படத்தின் நகலை, கல்லூரியில் அச்சுக்கலை சொல்லிக்கொடுத்த தாடி வாத்தியாரிடம் காட்டினான். "பாஸ்போர்ட்டுக்கு ஒட்டலாம்," என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவ்வளவுதான், சத்தியம் காற்றோடு போயிற்று. செம்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியை எடுத்து அப்பாவின் முகத்தைக் கீறினான். வாயை வரைய ஆள் எதிரில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. எச்சில் தேங்குகிற மூலை வரைக்கும் பாவிக்கு மனப்பாடம். தகட்டை ஆசிடில் போட்டு எடுத்தான். வாயை மட்டும் இன்னும் ஆழமாக அரிக்கட்டும் என்று மற்ற இடங்களை வார்னிஷால் மூடி மறுபடியும் போட்டான். மை தேய்த்துத் துடைத்து, ஈரத்தாளை மேலே வைத்து, உருளையில் ஓட்டி உரித்தபோது அவனுக்கே உடம்பு சிலிர்த்தது. பிரமாதமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

"யாருப்பா இது?" என்று கேட்டார் தாடி வாத்தியார்.

அப்பா என்று சொல்ல நாக்கு எழவில்லை. "பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருக்கிற ஒரு பிச்சைக்காரர் சார்."

"அப்ப அதையே பேரா வெச்சிடு."

வைத்தான். கண்காட்சிக்கு போஸ்டர் அடிக்கவும் அந்தப் படத்தையே தேர்ந்தெடுத்தார்கள். டிசைன் செய்யும் வேலையும் அவனுக்கே வந்தது. முகம் தாள் முழுக்க, அடியில் கொட்டை எழுத்தில் 'பிச்சைக்காரர்'. கொஞ்சமாவது உறுத்தியதா என்றால் இல்லை. ஏனென்றால் அவனிடம் ஒரு சமாதானம் இருந்தது. தகட்டில் கீறியது தாளில் இடம் வலமாகத்தான் விழும். அப்பாவுக்கு வலப்பக்கம் இருக்கிற கோணல் போஸ்டரில் இடப்பக்கம் போய்விட்டது. தெருவில் யாரும் அவர்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது, அப்பாவே பார்த்தாலும் வேறு யாரோ என்றுதான் நினைப்பார். படித்த மூளை கணக்குப் போட்ட லட்சணம் இது.

போஸ்டர் ஒட்டுகிறவருக்கு எல்லாச் சுவரும் ஒன்றுதான். ஒன்றை சலூன் ஷட்டரிலேயே ஒட்டிவிட்டுப் போய்விட்டார்.

அம்மா போன் செய்தாள். "உங்க காலேஜ் போஸ்டராம்டா. அப்பா அது முன்னாடியே நிக்கிறாரு. இன்னும் கடையைத் தொறக்கல." சோடாபுட்டி போட்டது போட்டபடி கிளம்பினான். விழுந்தடித்துக்கொண்டு ஓடினான்.

அவன் போய்ச் சேர்ந்தபோது கடை திறந்திருந்தது. அப்பா யாருக்கோ சவரம் செய்துகொண்டிருந்தார். போஸ்டரை நனைத்து, ஊறவைத்து, ஒரு மூலைகூடக் கிழியாமல் உரித்து பெஞ்சில் விரித்திருந்தார். பக்கத்தில் காத்திருந்த லாரி டிரைவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, உங்க ஜாடை அப்படியே இருக்கு. ஆனா இந்தாளுக்கு அந்தப் பக்கமில்ல இழுத்திருக்கு," என்றார்.

ஊரே அப்படித்தான் சொல்லியிருக்கும். ஆனால் ஊர் பார்க்கிற முகத்தையா அப்பா பார்த்திருக்கிறார்? எந்த மனிதனும் தன் முகத்தைக் கண்ணாடியில்தானே பார்க்க முடியும். கடை திறந்ததிலிருந்து மூடும்வரை, வாடிக்கையாளர் தலைக்கு மேலே தெரிகிற தன் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பவர் அவர். கண்ணாடியில் கோணல் எந்தப் பக்கமோ, போஸ்டரிலும் அதே பக்கம். அவருக்குத் தெரிந்த அவர் முகம் உலகத்திலேயே அது ஒன்றுதான்.

அப்பா கத்தியை நிறுத்தவில்லை. "எங்கடா பாத்த இவரை?"

உண்மையைச் சொல்லி அவர் காலில் விழ அப்போதும் நேரம் இருந்தது.

"பஸ் ஸ்டாண்டுலப்பா."

"ரொம்ப நேரம் உக்காந்தாரா?"

"ஆமாப்பா."

"ஒரு டீ கீ வாங்கிக் குடுத்தியா?"

"குடுத்தேன்பா."

அப்பா தலையாட்டினார். "பாவம். புள்ளைன்னு ஒருத்தன் இருந்திருந்தா அங்க வந்து ஏன் உக்காரப் போறாரு," என்றார்.

"அதானே," என்றார் டிரைவர்.

முதல் இடம் அவனுக்குத்தான் கிடைத்தது. விளம்பரக் கம்பெனியில் இப்போது பெரிய நாற்காலி. முடிவெட்ட மட்டும் வேறு சலூனுக்குப் போக ஆரம்பித்தான். முதல் தடவை அப்படி வெட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது, அப்பா அவன் தலையை ஒரு சுற்றுப் பார்த்தார். "பின்னாடி நல்லா இறக்கியிருக்காங்க," என்று சொல்லிவிட்டு சாப்பிடப் போனார்.