கம்பத்துத் தண்ணீரும் கருப்பாத்தாளின் வாயும்

இருகூர்ப் பக்கம் எங்கள் ஊரில் கருப்பாத்தாளின் முகத்தைப் பார்க்காதவர்கள்கூடக் குரலைக் கேட்டிருப்பார்கள். விடியலில் மில் சங்கு ஊதும். அதற்கு முன்பே கருப்பாத்தாள் ஊதிவிடுவார். சேவல், எருமை, பால்காரர், வேலி தாண்டிய முருங்கைக் கிளை, எல்லாவற்றுக்கும் தனித்தனி வசவு உண்டு. மனசில் ஒன்றும் இருக்காது. மாரியம்மன் சாட்சியாகச் சொல்கிறேன், திட்டி முடித்த கையோடு அதே பால்காரருக்கு மோர் கலக்கிக் கொடுப்பார்.

மருமகள் பாவாத்தாள் மோருக்காக வந்தவள் இல்லையே. ரசத்தில் புளி கூடிப்போன ஒரு நாள், விடிந்ததும் வாங்கிய திட்டோடு கொடுமுடியிலிருக்கும் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். அழைக்கப் போன மகன் திருமூர்த்தி தனியாகத் திரும்பினான்.

"எந்திரிச்சதும் திட்டு வாங்காத ஊடா இருந்தா வாரேங்கறாளுங்கம்மா. மாமா ஒரு நாளைக்கு வந்து பார்த்துப்போட்டு அனுப்பறாராம்."

கருப்பாத்தாள் அன்று முழுக்க யாரையும் திட்டவில்லை. உடம்புக்கு என்னவோ என்று ஊர் பயந்துபோனது.

பங்குனியில் மாரியம்மன் கோயில் முன் கம்பம் நட்டார்கள். முக்கிளைக் கட்டை அது. அம்மனுக்குப் புருஷன் என்று கும்பிடுவோம். பிடுங்கும் நாள்வரை தினமும் விடியலில் பெண்கள் மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரை அதற்கு ஊற்றுவோம். மருமகள் திரும்பி வர வேண்டி, எழுந்ததிலிருந்து கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றும்வரை ஒரு சொல் பேசுவதில்லை என்று கருப்பாத்தாள் நேர்ந்துகொண்டார்.

முதல் நாளே கிணற்றடியில் தோற்றார். வாளி காலில் இடித்தது. வாளியின் வம்சத்தையே இழுத்துத் திட்டிவிட்டார். மறுநாள், கிணற்றுத் தண்ணீரில் ஒரு மடக்கை வாயில் அடக்கிக்கொண்டு நடந்தார். கம்பத்துக்கு ஊற்றிய பிறகுதான் விழுங்கினார். அதுவே தினப்படி வழக்கமாயிற்று.

தெருவுக்குக் கொண்டாட்டம். பக்கத்து வீட்டு மாரியாத்தாள் வேண்டுமென்றே எதிரே வந்து, "ஏனுங்கக்கா, உங்க எருமை எங்க சோளத்துல மேயுது. நான் ஒண்ணும் சொல்லலீங்க" என்பாள். கருப்பாத்தாளின் கன்னம் தவளைபோல உப்பும். கண் முழு வசவையும் சொல்லும். தண்ணீர் மட்டும் வெளியே வராது. நாளாக ஆக, எருமை எங்கே மேய்ந்தாலும் கன்னம் உப்பவில்லை. பால்காரருக்குத்தான் மனத்தாங்கல். "கேக்க ஆளில்லாம பால்ல தண்ணி ஊத்தறது சப்புன்னு இருக்குதுங்க" என்றார்.

அப்படி ஒரு விடியலில், முதல் ரயிலில் இறங்கிய சம்பந்தி ஈஸ்வரமூர்த்தி கோயில் வீதியில் எதிரே வந்துவிட்டார்.

"ஏனுங்க சம்பந்தி, சௌக்கியமுங்களா?"

எங்கள் பக்கம் பகையாளி வந்தாலும் 'வாங்க' என்று சொல்லியாக வேண்டும். சொன்னால் நேர்த்தி போச்சு. சொல்லாவிட்டால் மருமகள் போச்சு. கருப்பாத்தாள் தலையை மட்டும் ஆட்டினார்.

சம்பந்தியின் முகம் சுண்டியது. "வாங்கன்னு ஒரு வார்த்தைக்குக்கூட வழியில்லீங்களா? சரி, நான் வாரேனுங்க" என்று ஸ்டேஷன் பக்கம் திரும்பினார்.

கருப்பாத்தாள் ஓடிப்போய் மறித்தார். இடுப்பிலிருந்த குடத்தை இறக்கி இரண்டு கையாலும் நீட்டினார். வந்தவருக்குத் தண்ணீர் கொடுப்பதும் ஒரு 'வாங்க'தானே. நீட்டிய தண்ணீரை வேண்டாம் என்பதும் இங்கே வழக்கமில்லை. அவர் அண்ணாந்து குடித்தார். மஞ்சளும் வேப்பிலையும் நன்றாக ஊறிய தண்ணீர். கண்ணில் நீர் வர விழுங்கிவிட்டு, "நல்ல தண்ணிங்க" என்றார்.

பின்னாலேயே குடத்தோடு வந்த மாரியாத்தாள் முந்தானையைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கி, நேர்த்தி விஷயத்தை அவருக்குச் சொன்னாள். அதற்குள் கருப்பாத்தாள், அடக்கிய வாயோடு கிணற்றுக்குப் போய் வேறு தண்ணீர் சேந்திவந்து, கம்பத்துக்கு ஊற்றி, மடக்கை விழுங்கி, "வாங்க சம்பந்தி" என்றார்.

அடுத்த வாரமே பாவாத்தாள் வந்தாள். "ஒரு வார்த்தை பேசாமயே எங்கய்யனை வேம்பு குடிக்க வெச்சுப்போட்டாங்களே. இதுக்குத் திட்டே தேவலைன்னு வந்துட்டேனுங்க" என்று மாரியாத்தாளிடம் சொன்னாள்.

கம்பத்தைப் பிடுங்கி வெகுநாளாகிறது. கருப்பாத்தாள் இன்றும் எழுந்ததும் ஒரு மடக்குத் தண்ணீரை வாயில் அடக்கிக்கொண்டுதான் வாசல் தெளிக்கிறார். வசவு நின்றுவிடவில்லை, பொய் சொல்லக் கூடாது. ஆனால் அம்மன் புண்ணியத்தில் இப்போதெல்லாம் மில் சங்குதான் முதலில் ஊதுகிறது.